போன்ல நெட் வருது, டிவியில மட்டும் ஏன் வரல?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.

இந்த வாரம் பேசப்போறது ரொம்பச் சாதாரணமான ஒரு விஷயம். வீட்டுல எல்லார் போனிலயும் வாட்ஸ்அப் ஓடுது. லேப்டாப்ல மீட்டிங் நடக்குது. ஸ்மார்ட் டிவி மட்டும் வைஃபை கிடைக்கலன்னு சொல்லி, நடுவுல ஒரு வட்டத்தைச் சுத்திக்கிட்டே இருக்கு.

நமக்கு இது பெரிய பிரச்சினை இல்ல. போனைச் சாய்ச்சு வச்சுப் பாத்துட்டுப் போயிடுவோம். ஆனா ஊர்ல இருக்கிற வீடுகளை யோசிச்சுப் பாருங்க. பல வீடுகள்ல கேபிள் கனெக்‌ஷனையே எடுத்தாச்சு. சீரியல், பழைய படம், கோயில் நேரலை எல்லாமே இப்போ நெட் வழியாத்தான். டிவியில நெட் நின்னா அம்மாவோட சாயங்காலமே நின்னு போச்சுன்னு அர்த்தம். அடுத்தது என்ன நடக்கும்? பக்கத்துத் தெரு மெக்கானிக் வருவார், பின்னாடி மூடியைக் கூடக் கழட்டாம "போர்டு போயிடுச்சும்மா"ன்னு சொல்லுவார். போர்டு விலையைக் கேட்டதும் அப்பா, "அதுக்குப் புது டிவியே வாங்கிடலாம்"னு சொல்லுவார். ரவுட்டர்ல ஒரு செட்டிங்கை மாத்தினா சரியாகியிருக்க வேண்டிய டிவி, எக்ஸ்சேஞ்ச்ல போய்ச் சேரும். எல்லா மெக்கானிக்கும் இப்படின்னு நான் சொல்ல வரல. ஆனா இந்தக் கதையை நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கே இல்ல.

அதனால இன்னைக்கு, போர்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு பாக்கலாம். போன் வழியாவே அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரிதான் சொல்லப்போறேன்.

முதல் கேள்வி: போன்ல நெட் வருதுன்னு சொல்றோமே, அது வைஃபைல வருதா? பல பேர் இங்கதான் தடுக்கி விழுறாங்க. வைஃபைல நெட் செத்துப்போச்சுன்னா போன் சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. டிவிகிட்ட சிம் கிடையாது, அதனால அது மட்டும்தான் உண்மையைச் சொல்லும். நாம டிவியைத் திட்டிக்கிட்டு இருப்போம். எனவே போன்ல மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, வைஃபைல மட்டும் யூடியூப் திறந்து பாருங்க. அதுலயும் வரலன்னா பிரச்சினை டிவியில இல்ல. ஃபைபர் பெட்டியில எல்ஓஎஸ்னு போட்ட விளக்கு சிவப்புல எரியுதா, மினுக்குதான்னு பாருங்க. எரிஞ்சா வெளியிலேர்ந்து வர்ற ஃபைபர்லயே ஒளி வரலன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள யாரும் எதையும் செய்ய முடியாது, நெட் கம்பெனிக்குப் போன் போடுங்க. அந்தச் சிவப்பு விளக்கு இல்லன்னா, ரீசார்ஜ் முடிஞ்சு போச்சான்னும் ஒரு தடவை பாத்துடுங்க. சிரிக்காதீங்க, அப்படியும் நடக்குது.

போன்ல வைஃபை நல்லா ஓடுதுன்னு உறுதியானா, அடுத்து ஒரே ஒரு பரிசோதனை. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கங்க. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, டிவியை அந்த ஹாட்ஸ்பாட்டோட இணைச்சுப் பாருங்க. டேட்டா நிறையச் செலவாகாது. யூடியூப் முகப்புப் பக்கம் திறந்தாலே போதும். திறந்துச்சுன்னா டிவியோட வைஃபை உயிரோட இருக்கு, போர்டு நல்லா இருக்கு, குறை ரவுட்டர் பக்கம். திறக்கலன்னாதான் டிவி மேலயே சந்தேகப்படணும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. வைஃபை பெரும்பாலும் ரெண்டு அலைவரிசைப் பட்டைல வேலை செய்யுது. ஒண்ணு 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொண்ணு 5 கிகாஹெர்ட்ஸ். விலை குறைஞ்ச டிவிகள்ல நிறைய மாடலுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். உங்க போன் ஹாட்ஸ்பாட் 5-ல போச்சுன்னா அந்த டிவிக்கு அது கண்ணுலயே படாது. ஆண்ட்ராய்ட்ல ஹாட்ஸ்பாட் செட்டிங்குக்குள்ள போய் பேண்ட் 2.4-ன்னு மாத்துங்க. ஐபோன் 12-ம் அதுக்கு அப்புறம் வந்ததும்னா, பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்துல 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி'ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. அதுக்கப்புறம் சோதிச்சாத்தான் அது நியாயமான சோதனை.

சரி, ஹாட்ஸ்பாட்ல டிவி ஓடுது. ரவுட்டர்ல மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது?

போன வருஷம் திருச்சியில எங்க அத்தை வீட்டுல இதே கதைதான். நெட் கம்பெனி ஆள் வந்து பழைய ரவுட்டரை எடுத்துட்டுப் புதுசு வச்சுட்டுப் போயிருக்கார். அன்னைலேர்ந்து டிவி மௌனவிரதம். மெக்கானிக் வந்து போர்டு மாத்தணும்னு சொல்லிட்டார். அத்தை எனக்குப் போன் பண்ணி, "நீதான் இதெல்லாம் பேசுறியேப்பா, புது டிவி எது நல்லா இருக்கும்னு சொல்லு"ன்னாங்க.

"அத்தை, டிவியில வைஃபை லிஸ்ட்டைத் திறந்து, என்னென்ன பேர் வருதுன்னு படிங்க."

"பக்கத்து வீட்டுப் பேரு வருது, மாடி வீட்டுப் பேரு வருது. நம்ம பேரு மட்டும் இல்லப்பா."

அங்கயே பாதி விடை கிடைச்சுது. பக்கத்து வீட்டு வைஃபை தெரியுதுன்னா டிவியோட ரேடியோ வேலை செய்யுது. நம்ம ரவுட்டர் மட்டும் டிவிக்குப் புரியாத இடத்துல நின்னு கூப்பிடுது. புது ரவுட்டர்ல 2.4 பட்டையை ஆஃப் பண்ணி, 5-ஐ மட்டும் வச்சுட்டுப் போயிருந்தாங்க. பேரோட கடைசியில 5ஜின்னு வேற போட்டிருந்துச்சு. மாமா அதைப் பாத்துட்டு, "நமக்கு 5ஜி குடுத்திருக்கான்டா"ன்னு சந்தோஷமா இருந்தார். அந்த 5ஜிக்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தமே இல்ல. இது 5 கிகாஹெர்ட்ஸ், அது ஐந்தாம் தலைமுறை மொபைல் நெட்வொர்க். இந்தக் குழப்பம் மாமாவுக்கு மட்டும் இல்ல, ஐடி கம்பெனியில வேலை செய்றவங்ககிட்டயும் பாத்திருக்கேன்.

2.4-ஐ ஆன் பண்ணினதும் டிவி வந்துடுச்சு. மொத்தம் இருபது நிமிஷம். அதுல பதினஞ்சு நிமிஷம் ரவுட்டர் அடியில ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கண்ணாடி போட்டுப் படிச்சது.

இதே வரிசையில இன்னும் சில காரணங்கள் உண்டு. ரவுட்டர் செட்டிங் பக்கத்துக்கு எப்படிப் போறதுன்னு கேக்குறவங்களுக்கு: ரவுட்டர் அடியிலேயே ஒரு முகவரி போட்டிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி. வைஃபைல இணைஞ்ச போன்லயே பிரவுசர்ல அதை அடிச்சா பக்கம் திறக்கும். சில நெட் கம்பெனிகள் இதுக்கு ஆப்பே வச்சிருக்காங்க.

உள்ள போனதும் பாக்க வேண்டியது செக்யூரிட்டி. வைஃபை பூட்டுக்கும் தலைமுறை இருக்கு. 2004-ல வந்தது டபிள்யூபிஏ2, 2018-ல வந்தது டபிள்யூபிஏ3. புது ரவுட்டர்ல 3 மட்டும்னு வச்சிருந்தா, பழைய டிவிக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. லிஸ்ட்ல பேர் தெரியும், பாஸ்வேர்ட் சரியாவே அடிப்பீங்க, இருந்தாலும் இணைக்க முடியலன்னே சொல்லும். ரெண்டும் கலந்த மோட் இருந்தா அதை வைங்க. அதுலயும் முரண்டு பிடிச்சா 2 மட்டும்னு வைங்க. பாஸ்வேர்டே இல்லாம திறந்து விட்டுப் பாருங்கன்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. டிவி ஓடும்தான், கூடவே மொத்தத் தெருவும் உங்க நெட்ல ஓடும்.

அடுத்தது சேனல். 2.4 பட்டைல நம்ம ஊர்ல 1-லேர்ந்து 13 வரைக்கும் சேனல் உண்டு. அமெரிக்காவுல 11 வரைக்கும்தான் வழக்கம். அண்ணன் அங்கேருந்து கொண்டுவந்த டிவி, ஸ்டிக் மாதிரி சாமானுக்கு 12, 13 தெரியாமப் போகலாம். ரவுட்டர் ஆட்டோல இருக்கும்போது அதுவா 13-க்கு நகர்ந்துச்சுன்னா, நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்குக் காணோம்னு ஆகும். 1, 6, 11, இந்த மூணுல ஒண்ணை நிலையா வச்சுடுங்க. இந்த மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, அதனால நெருக்கமான அபார்ட்மென்ட்லயும் நல்லது. 5 பட்டைலயும் இப்படி ஒரு வம்பு இருக்கு. 52-லேர்ந்து 144 வரை உள்ள சேனல்கள் ரேடார்களோட பகிர்ந்துக்கிறவை. சில டிவிகள் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. 36-லேர்ந்து 48-க்குள்ள வச்சா பிரச்சினை குறையும்.

பாஸ்வேர்ட் பத்தி ஒரு வார்த்தை. ரிமோட்ல பாஸ்வேர்ட் அடிக்கிறது தனி தண்டனை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பூஜ்யமா ஓவான்னு தெரியாத ஒண்ணு, கடைசியில தெரியாம விழுந்த ஒரு ஸ்பேஸ். டிவியில 'பாஸ்வேர்டைக் காட்டு'ன்னு ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் பண்ணிட்டு அடிங்க. நீங்களே மாத்துற வாய்ப்பு இருந்தா, சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் வச்சு நீளமா ஒண்ணு வைங்க. எட்டு எழுத்துக்குக் குறையாம இருக்கணும், நீளம் கூடினா இன்னும் நல்லது. வைஃபை பேர்ல இமோஜி வைக்கிறவங்களே, உங்க ரசனைக்கு வணக்கம். ஆனா சில டிவிக்கு அதைப் படிக்கத் தெரியாது.

இது எல்லாம் சரியா இருந்தும் லிஸ்ட்ல பேர் வந்து வந்து போகுதுன்னா, ரவுட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. நம்ம வீடுகள்ல ரவுட்டர் இருக்கிற இடத்தை யாரும் தேர்ந்தெடுக்கிறதில்ல. ஃபைபர் எந்த ஜன்னல் வழியா வந்துச்சோ அங்கயே மாட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டீல் பீரோ வந்து நிக்கும். வைஃபைக்கு இரும்பு பீரோ மாதிரி எதிரி வேற இல்ல, அலையை அப்படியே திருப்பி அனுப்பிடும். மீன் தொட்டியும் அப்படித்தான், தண்ணி அலையைக் குடிச்சுடும். டிவிக்குப் பின்னாலயே ரவுட்டரை ஒளிச்சு வைக்கிறதும் உதவாது, டிவியோட உலோகத் தகடே மறைக்கும். 5 பட்டை வேகமா இருக்கும், ஆனா சுவர் தாண்டுறதுல சோம்பேறி. 2.4 மெதுவா இருக்கும், சுவர் தாண்டும். ரெண்டு சுவர் தள்ளி இருக்கிற டிவிக்கு 2.4 போதும். நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்கே கேக்குறது 15 எம்பிபிஎஸ்தான்.

இன்னொரு சின்ன விஷயம். டிவி பின்னாடி யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தா அதைக் கழட்டிட்டு முயற்சி பண்ணுங்க. யூஎஸ்பி 3 எழுப்புற இரைச்சல் 2.4 பட்டையைக் கெடுக்கும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல ஒரு அறிக்கை போட்டிருக்கு.

இப்போ வேற ஒரு வகை. டிவி "இணைந்தது, ஆனா இன்டர்நெட் இல்ல"ன்னு சொல்லுது. எரிச்சல் கிளப்புறதுல இதுதான் முதலிடம், ஏன்னா எல்லாமே சரியா இருக்கிற மாதிரியே இருக்கும்.

முதல்ல டிவியோட தேதியைப் பாருங்க. ஆமா, தேதி. கரண்ட் போயிட்டு வந்ததும் சில டிவி பல வருஷம் பின்னாடி போயிடும், 1970-க்குக் கூட. நெட்ல எந்த சர்வரோட பேசினாலும் அது ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதுல இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும். டிவி தன்னை 1970-ல இருக்கிறதா நினைச்சா, இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையேன்னு கதவைச் சாத்திடும். ஆட்டோ டைம்னு வச்சிருந்தாலும் அந்த நேரத்தை வாங்கவும் நெட் வேணும், அது சில சமயம் சிக்கிக்கும். ஆட்டோவை ஆஃப் பண்ணி, இன்னைக்குத் தேதியைக் கையால வச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

தேதி சரியா இருந்தும் பழைய டிவியில சில ஆப் மட்டும் திறக்கலன்னா, சான்றிதழ் கதையோட இன்னொரு பக்கம் அது. 2021 செப்டம்பர் 30-ம் தேதி, உலகம் முழுக்கப் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியாச்சு. அப்டேட் வராத பழைய சாதனங்கள் அன்னைலேர்ந்து பல தளங்களைத் திறக்க மறுத்துச்சு. யாரும் எதையும் உடைக்கல, வைஃபையும் நல்லா இருந்துச்சு. டிவிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. இருந்தா பென் டிரைவ் வழியாக் கூடப் போட முடியும், கம்பெனி தளத்துல மாடல் எண்ணைக் குடுத்தா கிடைக்கும். இல்லன்னா அந்த டிவியோட ஸ்மார்ட் பகுதிக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம். திரைக்கு ஒண்ணும் ஆகல.

அடுத்து ஐபி முகவரி. நெட்வொர்க் ஸ்டேட்டஸ்னு ஒரு பக்கம் டிவியில இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 192.168-ன்னு ஆரம்பிக்கிற மாதிரி ஒரு எண் இருந்தா ரவுட்டர் டிவிக்கு வீட்டு எண் குடுத்திருக்கு. 169.254-ன்னு ஆரம்பிச்சாலோ, எல்லாம் பூஜ்யமா இருந்தாலோ குடுக்கல. ரவுட்டரை அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு, போட்டா பல தடவை தீர்ந்துடும். சில ரவுட்டர்ல இத்தனை சாதனத்துக்கு மேல சேர்க்க மாட்டேன்னு ஒரு வரம்பும் இருக்கும். பல்பு, கேமரா, எல்லார் போனும்னு கூட்டம் சேர்ந்த வீட்டுல கடைசியா வர்ற டிவிக்கு இடம் இருக்காது. ஐபி சரியா இருந்தும் எதுவுமே திறக்கலன்னா மட்டும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1-ன்னு மாத்திப் பாருங்க. யூடியூப்ல எல்லா வீடியோவும் இதையே முதல் மருந்தாச் சொல்லும். வைஃபையே ஒட்டாத டிவிக்கு இது எந்த உதவியும் பண்ணாது.

பிஜியில, ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு: உங்க வைஃபைல இணைஞ்சதும் ஒரு லாகின் பக்கம் வந்து போன் நம்பர் கேக்குமா? டிவிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது, அதான் "இன்டர்நெட் இல்ல"ன்னு சொல்லுது. சில ஆண்ட்ராய்ட் போன்கள்ல வைஃபைல இருந்துக்கிட்டே ஹாட்ஸ்பாட் போட முடியும். போன்ல லாகின் பண்ணிட்டு, அதுலேர்ந்து டிவிக்குப் பகிருங்க.

இப்போ ஹாட்ஸ்பாட்லயும் டிவி ஓடலங்கிற நிலைமைக்கு வருவோம். ரிமோட்ல அணைக்கிறது அணைக்கிறது இல்ல, அது தூக்கம் மட்டும். சுவர் சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, டிவியில இருக்கிற பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிச்சு, ரெண்டு நிமிஷம் விட்டுப் போடுங்க. அப்புறம் பழைய வைஃபை பேரை மறக்கச் சொல்லி, புதுசா இணைங்க. கடைசியாத்தான் ஃபேக்டரி ரீசெட். ஏன் கடைசின்னா, எல்லா ஆப்பும் லாகின் கேக்கும். ஓடிபி பெங்களூருல இருக்கிற உங்க போனுக்கு வரும், நீங்க மீட்டிங்ல இருப்பீங்க, அம்மா அங்க ரிமோட்டோட காத்திருப்பாங்க. நீங்க ஃப்ரீயா இருக்கிற ஞாயித்துக்கிழமைக்கு அதை ஒத்திப்போடுங்க.

வைஃபை பாகம் நிஜமாவே போயிருந்தா அதுக்கு அடையாளம் உண்டு. வைஃபை சுவிட்சை ஆன் பண்ணினா அதுவாவே ஆஃப் ஆகும். லிஸ்ட்ல ஒரு பேர் கூட வராது, பக்கத்து வீடு கூட. மேக் முகவரி இருக்க வேண்டிய இடத்துல வெறும் பூஜ்யமோ வெத்திடமோ இருக்கும். கூடவே ரிமோட்ல வாய்ஸ் பட்டனும் வேலை செய்யலன்னா கிட்டத்தட்ட உறுதி, ஏன்னா நிறைய டிவியில வைஃபையும் புளூடூத்தும் ஒரே குட்டி அட்டையிலதான் உக்காந்திருக்கு. மெக்கானிக்கிட்ட இதைத்தான் கேக்கணும்: "அண்ணா, இந்த மாடல்ல வைஃபை தனி மாட்யூலா, மெயின் போர்டுலயே இருக்கா?" தனி மாட்யூல்னா அதை மட்டும் மாத்தினா போதும், இல்ல அதோட கனெக்டர் தளர்ந்திருந்தாலும் அழுத்தி விட்டாப் போதும். மெயின் போர்டுலயே இருந்தாலும் போர்டை மாத்தணும்னு கட்டாயம் இல்ல. பின்னாடி லேன் போர்ட் இருந்தா ரவுட்டர்லேர்ந்து ஒரு கேபிள் இழுங்க. பல டிவியில அது 100 எம்பிபிஎஸ்தான், படம் பாக்க அது தாராளம். கேபிள் ஓட்ட முடியாதுன்னா எச்டிஎம்ஐல மாட்டுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக். அதுக்குச் சொந்த வைஃபை இருக்கு, டிவி வெறும் திரையா மட்டும் இருந்தாப் போதும். ஆப் வேலை செய்யாத பழைய டிவிக்கும் இதே வழிதான். கம்ப்யூட்டருக்கு வாங்குற யூஎஸ்பி வைஃபை டாங்கிளை மட்டும் நம்பி வாங்காதீங்க. டிவிக்குள்ள அதுக்கான டிரைவர் இருக்காது, பெரும்பாலும் கண்டுக்காது.

கடைசியா ஒண்ணு, ஊர்ல ரவுட்டர் மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சா முன்கூட்டியே செய்ய வேண்டியது. புது ரவுட்டர்ல பழைய பேர், பழைய பாஸ்வேர்ட், எழுத்துக்கு எழுத்து அப்படியே வைக்கச் சொல்லுங்க. 2.4-ம் ஆன்ல இருக்கணும், டபிள்யூபிஏ2-வும் இருக்கணும்னு சொல்லுங்க. டிவி, போன், கேமரா எதையும் தொட வேண்டியதில்ல, பெரும்பாலும் தானா வந்து ஒட்டிக்கும். வந்த ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி, "டிவியில ஒரு பாட்டு போட்டுக் காமிச்சுட்டுப் போப்பா"ன்னு அம்மாவைச் சொல்லச் சொல்லுங்க.

உங்க வீட்டு டிவி இதுக்கும் மசியலன்னா, மாடல் எண்ணும் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்தோட போட்டோவும் அனுப்புங்க. பாஸ்வேர்ட் தெரியுற போட்டோவை மட்டும் அனுப்பிடாதீங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.